விளையாட்டுப் பிரதிக்குள் ஒரு பாட்டுப்பெட்டி: சில குறிப்புகள்

கணினி விளையாட்டு என்றாலே 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடுவது நமது விமர்சனச் சூழலின் வழக்கம். 'ஏன்யா, எழுத வேற விஷயமே கிடைக்கலியா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். போகட்டும். நான் எடுத்துக்கொண்டது விளையாட்டைக்கூட அல்ல. அதன் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டுப்பெட்டியை.

விளையாடுபவர் தன் சொந்தப் பாட்டை உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு புதிதல்ல. 2001இல் வந்த எக்ஸ்பாக்ஸில் குறுந்தகட்டுப் பாட்டை வன்தட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தந்த விளையாட்டைச் செய்தவர் மனது வைத்தால்தான் அது ஒலிக்கும். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' 2005இல் கணினிக்கு வந்தபோது ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டது. அதில் பாட்டைப் போட்டால் கார் வானொலியில் நம் நிலையமும் ஒன்று. 2014இல் ஸ்டீம் தன் மென்பொருளுக்குள்ளேயே ஒரு பாட்டுப்பெட்டியைச் செருகியது. ஆசிரியன் செத்தான், இனி வாசகனே பிரதியை எழுதுகிறான் என்று நம்மில் சிலர் இதைக் கொண்டாடலாம்.

கொண்டாட்டம் கொஞ்சம் அவசரம். திரைப்பட இசை பற்றி 1947இல் வெளியான நூலில் அடோர்னோவும் ஐஸ்லரும், பின்னணி இசை காதில் விழாத மாதிரி ஒலிக்க வேண்டும் என்ற தொழில் வழக்கத்தைச் சாடினார்கள். விளையாட்டு இசை அந்த வழக்கத்தை இன்னும் இறுக்கியது. 1991இல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் 'மங்கி ஐலண்ட் 2'இல் ஐ-மியூஸ் என்ற முறையைப் பயன்படுத்தியது முதல், இசை நம் அசைவுக்கேற்ப மாறத் தொடங்கிவிட்டது. இடம் மாறினால் மெட்டு நழுவி இன்னொன்றாகிறது. இந்த ஏற்பாட்டில் நம் பாட்டுக்கு இடமேது? அது மூடிய கோப்பு. திரையில் நடப்பது அதற்குத் தெரியாது. கதாபாத்திரம் சாகும்போது சரணம் குதூகலமாக ஓடிக்கொண்டிருக்கும். விளையாட்டின் சொந்த இசையை எங்கோ ஓர் அமைப்புப் பக்கத்தில் தேடி அணைக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து கத்தும்.

2015இல் கணினிக்கு வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' இதைத் தந்திரமாகச் சமாளித்தது. அதன் 'செல்ஃப் ரேடியோ'வில் ஒரு தெரிவு, நம் பாட்டுகளுக்கிடையே அறிவிப்பாளன் பேச்சையும் செய்தியையும் விளம்பரத்தையும் நுழைக்கிறது. விளம்பரங்கள் எல்லாம் அமெரிக்க நுகர்வு வாழ்வைப் பகடி செய்பவை. பகடியின் நடுவே வைக்கப்பட்ட நம் பாட்டும் பகடியாகிறது. நாம் பிரதிக்குள் நுழையவில்லை, பிரதி நம்மைத் தின்றுவிட்டது என்றே படுகிறது.

ஆனாலும் அந்தக் கோப்புறையை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் உரிமம். நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்குக் கெடு உண்டு. 2014இல் 'சான் ஆண்ட்ரியாஸ்' கணினிப் பதிப்பிலிருந்தும், 2018இல் நான்காம் பாகத்திலிருந்தும் பல பாடல்கள் நீக்கப்பட்டன. நான்காம் பாகத்தின் விளாடிவஸ்டாக் நிலையத்தில் பெரும்பாலான பாட்டுகள் மாற்றப்பட்டன. முன்பே விலை கொடுத்து வாங்கியவர் வீட்டிலும் புதுப்பித்தல் வழியாக இது நடந்தது. 'ஆலன் வேக்' 2017இல் இசை உரிமம் முடிந்ததால் விற்பனையிலிருந்தே விலகி, 2018இல்தான் திரும்பியது. வாங்கியது நம்முடையதில்லை, நாமே போட்டுக்கொண்டதுதான் மிஞ்சுகிறது.

அதுவும் முழுசாக மிஞ்சுவதில்லை. ஒரு விளையாட்டில் (பெயர் வேண்டாம்) நான் பாட்டுகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டு வைத்திருந்தேன். பட்டியலைத் திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். யூனிகோடைக் கையாளாத பழைய நிரல்களுக்காக விண்டோஸ் மொழிவாரியாகக் குறியீட்டுப் பக்கங்கள் வைத்திருந்தது. தாய் மொழிக்கு உண்டு, கிரேக்கத்துக்கு உண்டு; தமிழுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆக, 2018 வரை அமைப்பை எப்படி மாற்றினாலும் அத்தகைய நிரலில் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகவே இருந்தது. விளிம்பு என்று நாம் மேடையில் பேசுவதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. கடைசியில் எல்லாக் கோப்புகளுக்கும் எண் போட்டேன். எந்த எண் எந்தப் பாட்டு என்பது திரைக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் இருக்கிறது.