ஆடைப் படமும் ஆடை மறுவாக்கமும்

1809 முதல் 1829 வரை இலண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் வெளியிட்ட 'ரெபாசிட்டரி ஆஃப் ஆர்ட்ஸ்' இதழின் மகளிர் ஆடைப் படங்கள் இன்றும் வியக்கத்தக்கன. தொடக்க ஆண்டுகளில் அசல் துணித்துண்டுகளும் அவ்விதழில் ஒட்டப்பெற்றன. எனினும் படம் தோற்றத்தைக் காட்டுமேயன்றி வெட்டையும் தையலையும் காட்டாது. அதனை மட்டும் நம்பி அக்கால ஆடையைத் தைப்பது, அகராதியை மட்டும் நம்பிய மொழிபெயர்ப்பை ஒக்கும்.

இக்குறையை நிறைவு செய்வது ஜேனட் ஆர்னால்டின் 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்' (1964). 1660–1860 காலத்து ஆங்கில மகளிர் ஆடைகளுள் எஞ்சியவற்றை அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டத்தாளில் வரைந்துள்ளார் அவர். துணியைச் சிக்கனப்படுத்த இட்ட ஒட்டுகளும் அவற்றில் புலனாகின்றன.

ஆயினும் எஞ்சிய ஆடை, உடுத்தியவரின் நிலையையும் கூந்தல் ஒப்பனையையும் உணர்த்தாது. அவற்றுக்குப் படமே துணை. அமைப்பும் தோற்றமும் ஒருங்கே அறியப்பட்டாலன்றி மறுவாக்கம் மூலத்திற்கு உண்மையாகாது.