வணக்கமும் கிரியையும்: கொச்சித் தமிழ் அச்சுநூல் முதல் பொது மொழிபெயர்ப்பு வரை மீட்புச் சொற்கள்

முன்னுரை

தமிழ் எழுத்தில் அச்சான தொடக்ககால நூல்களுள் ஒன்றான ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579 நவம்பர் 14-இல் கொச்சியில் வெளிவந்தது. அச்சு வரலாற்றில் இந்நூல் பெற்ற கவனத்தை இதன் சொல்லாட்சி பெறவில்லை. மனிதர் மீட்படைவது நம்பிக்கையாலா, செயலாலா என்னும் வினா 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கிறித்தவத்தைப் பிளந்தது. அவ்வினா தமிழுக்கு வந்தபோது எச்சொற்களை ஏற்றது, அச்சொற்கள் அதன் பொருளை எவ்வாறு திருப்பின என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கொச்சி நூலும் சூழலும்

அன்றைய கொச்சித் துறைமுகத்தில் போர்த்துக்கீசியரின் கோட்டை ஒருபுறமும், அதனை அடுத்த மட்டாஞ்சேரியில் அரசரின் அரண்மனை மறுபுறமும் இருந்தன. கோட்டைப் பகுதியில் இயங்கிய இயேசு சபைக் கல்லூரியில் இந்நூல் அச்சாயிற்று. மார்க்கோசு சோர்சு போர்த்துக்கீசிய மொழியில் வினாவிடையாக எழுதிய நூலை அண்டிரிக்கி அடிகளார் தமிழாக்கினார். முத்துக்குளித்துறைக் கிறித்தவரிடையே நெடுங்காலம் பணியாற்றியவர் அவர்.

மூலநூலின் தலைப்பிலுள்ள ‘தொத்திரினா’ என்ற சொல் போதனையைக் குறிப்பது. அதற்கு ‘உபதேசம்’ என்பது நேர்ச்சொல்லாக அமையும். பிற்காலக் கத்தோலிக்க வினாவிடைகள் ‘ஞானோபதேசம்’ என்றே பெயர் பெற்றன. ஆனால் அண்டிரிக்கி அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலிலும், மறு ஆண்டு வெளிவந்த கொச்சி நூலிலும் ‘வணக்கம்’ என்ற சொல்லையே தெரிந்துகொண்டார். போதனை அறிவைச் சார்ந்தது. வணக்கமோ மனமும் வாயும் உடலும் கூடிச் செய்வது. நம்புவதையும் செய்வதையும் ஒரே சொல்லுள் அடக்கும் தலைப்பு இது.

இத்தெரிவு அக்காலக் கத்தோலிக்கக் கோட்பாட்டிற்கு இயைந்தது. 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம், நம்பிக்கையே மீட்பின் தொடக்கமும் வேரும் என ஏற்றது. ஆயினும் எதிர்நோக்கும் அன்பும் சேராத நம்பிக்கை போதாது என வரையறுத்தது. கடற்கரைப் பரதவர் சீர்திருத்தப் பிரிவினரை அறியாத காலம் அது. அவர்களுக்குப் பிளவைக் கற்பிக்கும் தேவை எழவில்லை. நூலின் பலமும் குறையும் இதிலேயே உள்ளன. ‘வணக்கம்’ என்ற சொல் சமயத்தை வாழ்வோடு பிணைத்தது. அதே வேளையில், நம்பிக்கையும் செயலும் வேறுவேறாக எண்ணப்படக்கூடும் என்பதையே மறைத்தது.

மட்டாஞ்சேரியில் 1653-இல் நிகழ்ந்த கூனன் குரிசுச் சத்தியம் திருச்சபை அதிகாரம் பற்றிய கலகமேயன்றி மீட்புக் கோட்பாடு பற்றியதன்று. சீர்திருத்தக் கொள்கை கொச்சிக்கு 1663-இல் ஒல்லாந்தர் ஆட்சியுடன் வந்தது. கோட்டையிலிருந்த புனித பிரான்சிசு ஆலயம் அவர்களது வழிபாட்டிடமாயிற்று. எனினும், அக்கொள்கை தமிழ் நூல்வடிவில் நிலைகொண்டது சோழமண்டலக் கரையிலேயாம்.

கிரியை என்னும் சொல்

சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரது புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1715-இல் அச்சில் நிறைவுற்றது. இவ்வழியில் வளர்ந்து 1871-இல் திருத்தம் பெற்ற விவிலியத்தில் ‘விசுவாசம்’, ‘கிரியை’ என்பன எதிரிணைகளாக நிற்கின்றன.

‘கிரியை’ தமிழ்ச் சமயச் சூழலில் வெறும் செயலைக் குறிப்பதன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் எனச் சைவ சித்தாந்தம் கூறும் நெறிகளுள் அது வழிபாட்டு நெறி. இறந்தோர்க்குச் செய்யும் சடங்கும் கிரியை எனப்படும். எனவே பவுலின் உரோமையர் திருமுகத்தைப் படிக்கும் தமிழர், யூதச் சட்ட ஒழுகலாறுகளுக்கு எதிரான வாதத்தைக் கோயிற் சடங்குகளுக்கு எதிரான வாதமாகக் கொள்ள இடமுண்டு.

யாக்கோபு திருமுகத்தில் இச்சொல் வேறு வகையில் இடர்ப்படுகின்றது. அங்குச் செயலுக்குக் காட்டப்படும் சான்று, உடையின்றியும் உணவின்றியும் நிற்பவருக்கு உதவுவதாகும். இது சடங்கன்று, அறம். இரண்டையும் ஒரே சொல் சுமந்தமையால், பவுலும் யாக்கோபும் முரண்படுவதாகத் தோன்றும் சிக்கல் தமிழில் மேலும் இறுகியது.

எதிர்வாதமும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. வீரமாமுனிவர் 1728-இல் ‘வேதவிளக்கம்’ எழுதித் தரங்கம்பாடியினரை மறுத்தார். அவரது ‘லுத்தேரினத்தியல்பு’, தலைப்பே காட்டுவதுபோல், கோட்பாட்டோடு நில்லாது பிரிவினரின் இயல்பையும் சாடுகின்றது.

இவ்வினாவை எண்ணிப்பார்க்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு நியாயத்தை வடகலையாரும், தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நியாயத்தைத் தென்கலையாரும் எடுத்தாண்டனர். இறைவன் அருளுக்கு மனித முயற்சி ஒரு சிறிதேனும் வேண்டுமா என்பதே அங்கும் வினா. வைணவத்திற்கும் விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் ‘கிருபை’ பொதுவாயிற்று. ‘பிரபத்தி’ என்ற சொல்லோ விவிலியத்துள் இடம்பெறவில்லை. இறைவனிடம் தன்னை ஒப்படைத்தலாகிய நம்பிக்கையை உணர்த்தவல்ல சொல் வாயிலிலேயே நின்றுவிட்டது.

பொது மொழிபெயர்ப்பு

கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. ‘கிரியை’ நீங்கிச் ‘செயல்’ வந்தது. பவுல் மறுப்பது திருச்சட்டம் சார்ந்த செயல்களையே என்பது தெளிவாயிற்று. இது பெரும் பேறு. ஆயினும் புதிய இடர் ஒன்றும் தோன்றியது. பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என நின்ற மூன்றும் புதியதில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என மாறின. ஒரு சாரார்க்கு எதிர்காலத்தை நோக்கிய நம்பிக்கையாக இருக்கும் சொல், மறு சாரார்க்கு இறைப்பற்றுறுதியாகின்றது. ஒரே தமிழ்ச்சொல்லைப் படித்து இருவர் இருவேறு பொருள் கொள்கின்றனர்.

முடிவுரை

1999 அக்டோபர் 31-இல் ஆக்சுபர்க்கு நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இக்கோட்பாடு பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. கோட்பாட்டளவில் ஒரு பொதுக்கருத்து எட்டப்பட்டது. தமிழ்ச் சொல்லளவில் பிரிவு எஞ்சியுள்ளது. ‘வணக்கம்’ வினாவை மறைத்தது. ‘கிரியை’ வினாவைக் காட்டியும் இலக்கை மாற்றியது. ‘செயல்’ இலக்கைச் சரிசெய்தது. அண்டிரிக்கி அடிகளாரின் சொல்லில் ஓருண்மை இன்னும் எஞ்சுகின்றது. வணங்குபவர் தம் வணக்கத்தைக் கூலிக்குரிய வேலையாகக் கருதுவதில்லை, வணங்காமலும் இருப்பதில்லை. நம்பிக்கையும் செயலும் பகையாகாத அவ்விடத்தைக் கொச்சி நூலின் தலைப்பு தொட்டுள்ளது. அந்நூலை அச்சு வரலாற்றுச் சான்றாக மட்டுமன்றிப் பொருள்கோள் வரலாற்றுச் சான்றாகவும் பயில்வதே அதற்குரிய மதிப்பாகும்.