ஈசோப்பும் அதைப் பறித்தவர்களும்

இஸ்ரேலில், மோதியின் நகருக்கு அண்மையில், 'நியோத் கெதுமிம்' எனும் தாவரத் தோட்டம் ஏறத்தாழ 250 ஹெக்டேயரில் விரிந்து கிடக்கிறது. ஒலிவ், அத்தி, மாதுளை, கல்லடுக்கிக் கட்டிய தட்டு நிலங்கள், மழைநீர்த் தொட்டிகள், எண்ணெய்ச் செக்குகள் என ஒரு பழைய கிராமத்து நிலத்தையே மீளக் கட்டியிருக்கிறார்கள். செடிகளுக்கருகே விவிலிய வரிகள். இதை உருவாக்கிய நோகா ஹரெயுவேனிக்கு 1994இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தது.

அவரது உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமல்ல. ஓர் உவமை ஏன் குறிப்பிட்ட செடியை எடுத்துக்கொண்டது என்பதை மழையையும் மண்ணையும் வைத்து விளக்குவது நல்ல இலக்கிய விமர்சனமே. (எமது திணை ஆய்வுகளில் இதில் பாதியளவு தாவரவியலாவது இருக்கலாம்.)

பிரச்சினை, தோட்டம் எந்தக் காலத்தோடு நின்றுவிடுகிறது என்பதில்தான் இருக்கிறது. தட்டு நிலமும் ஒலிவ் செக்கும் வேதகாலத்தோடு மறைந்துபோனவை அல்ல. பலஸ்தீன விவசாயிகள் நூற்றாண்டுகளாக அவற்றைப் பேணிவந்தார்கள். தோட்டத்துக்கு மேற்கே, அதிக தூரமில்லாத லித்தாவிலிருந்தும் அயலிலுள்ள ரம்லாவிலிருந்தும் 1948 யூலையில் 50,000க்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். வேதகாலம் எனும் வரையறைக்குள் இவர்களுக்கு இடமில்லை.

ஈசோப்பையே எடுத்துக்கொள்வோம். பலஸ்தீன வீடுகளில் எள்ளோடு இடித்து, ஒலிவெண்ணெயும் ரொட்டியும் சேர்த்து உண்ணும் 'ஸாத்தர்'தான் அது என்பது அறிஞர் பலரின் முடிவு. கிரேஸ் குரோஃபுட்டும் லூயிஸ் பால்டென்ஸ்பெர்ஜரும் 1932இல் வெளியிட்ட 'கேதுருவிலிருந்து ஈசோப்பு வரை' எனும் நூல், அர்த்தாஸ் கிராமத்தவரின் வாய்மொழியிலிருந்தே செடிகளைப் பற்றிய அறிவைப் பதிந்தது. வேதத்துச் செடியைத் தேடிப் போனவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர்கள் கிராமத்தவர்கள். 1977இல் இஸ்ரேலிய அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட செடியாக அறிவித்தது. காட்டில் பறித்தால் தண்டம். 2005இல் 'அக்கூப்' எனும் முட்செடிக்கும் அதே விதி வந்தது. அளவுமீறிய பறிப்பு என்ற காரணத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாதுதான். ஆயினும் நீதிமன்றம் ஏறியவர்கள் பெரும்பாலும் அரபு மக்களே. சொந்தத் தேவைக்குச் சிறிதளவு பறிக்கும் தளர்வு 2019க்குப் பின்னரே கிடைத்தது.

எமக்கும் ஓர் ஐந்திணைத் தோட்டம் வேண்டும் என்று ஆசைப்படுவோர் எம்மிடையே உண்டு. அமைக்கட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வளவுகளில் நின்ற முருங்கைக்கும் மாதுளைக்கும் என்ன பெயர்ப்பலகை என்பதையும் அந்தத் திட்டத்திலேயே எழுதட்டும்.