‘சிந்து பைரவி’யில் மதுவும் மணவாழ்வும்

தமிழ்த் திரைப்படங்களில் குடி பெரும்பாலும் ஆணின் துயரத்தைச் சுட்டும் அடையாளமாகவே அமைகிறது. அத்துயரின் சுமையை உண்மையில் தாங்குபவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. கே. பாலசந்தரின் இயக்கத்தில் 1985ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிந்து பைரவி’ இவ்வினாவை எழுப்பி ஆராய்வதற்குரிய படைப்பாகும்.

கருநாடக இசைக்கலைஞர் ஜே.கே.பி.க்கும் (சிவகுமார்) அவர் மனைவி பைரவிக்கும் (சுலக்‌ஷணா) இடையிலான விரிசலுக்குப் பைரவியின் இசையறிவின்மையே காரணமாகக் காட்டப்படுகிறது. குழந்தையின்மையும் அவள் குறையாகவே சேர்கிறது. கணவனின் ஏக்கத்திற்குச் சிந்துவின் (சுஹாசினி) நட்பு வடிகாலாகிறது. பைரவியின் தனிமைக்கு அத்தகைய வடிகால் ஏதுமில்லை.

படத்தில் குடி இரு நிலைகளில் இடம்பெறுகிறது. மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி (டெல்லி கணேஷ்) குடிக்கும்போது அது ஒழுக்கக்கேடு, ஜே.கே.பி. அதனைக் கண்டிப்புடன் தண்டிக்கிறார். சிந்து பிரிந்தபின் ஜே.கே.பி.யே குடிக்கும்போது அது மேதையின் வீழ்ச்சி. பார்வையாளரின் இரக்கத்தைக் கோருகிறது. செயல் ஒன்றே, அளவுகோல் கலைஞனின் தகுதிக்கேற்ப மாறுகிறது.

இதனினும் ஆழமான முரண் இசையில் உள்ளது. நாட்டுப்புறப் பாடலும் கருநாடக இசையும் ஒரே மதிப்புடையன என்று நிறுவுவதே சிந்துவின் வாதம். ஆயினும் ஜே.கே.பி.யின் சீரழிவைக் காட்ட இயக்குநர் தேர்ந்தது, மதுவுக்காக அவர் தெருப்பாடல் பாடி ஆடும் காட்சியையே. முன்னர் உயர்த்தப்பட்ட எளிய மரபு இங்கு இழிவின் அடையாளமாகிவிடுகிறது. இப்படத்திற்காகத் தேசிய விருது பெற்ற இளையராஜா, திருவண்ணாமலை ரமணர்மீது கொண்ட பக்தியால் ‘ரமண மாலை’யை எளிய தமிழில் அமைத்தவர். எளிமை பக்தியையும் தாங்கவல்லது என்பதற்கு அதுவே சான்று. ஆகவே குறை பாடல்வகையில் இல்லை. அதனைக் காட்சியில் பயன்படுத்திய முறையிலேயே உள்ளது.

இறுதியில் சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்து விலகுகிறாள். ஜே.கே.பி. மேடையையும் மனைவியையும் மீளப் பெறுகிறார். மணமுறிவு தவிர்க்கப்படுகிறது, ஆயின் அதற்கான விலையை இரு பெண்களே செலுத்துகின்றனர். ரசனைப் பொருத்தமின்மை என்னும் நுண்ணிய சிக்கலைத் துணிவுடன் தொடங்கிய படம், அதற்கு விடை காணாமல் தியாகத்தால் மூடிவிடுகிறது. குடி நின்றதைக் காட்டும் இப்படம், பைரவியின் மணவாழ்வு மாறியதா என்பதைக் காட்டவில்லை.