துண்டும் எண்ணிம நாணயமும்: செய்தித்தாள்களின் கண்டனம் பற்றிய ஒரு மதிப்பீடு

2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரையொன்று, வங்கியின் இடையீடின்றி ஒருவர் மற்றவருக்கு நேரே பணம் செலுத்தும் முறையை விளக்கியது. அடுத்த ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அம்முறை 'பிட்கொயின்' என்ற பெயரில் இயங்கத் தொடங்கியபோது, அதன் முதற் பதிவுத் தொகுதியினுள் அன்றைய இலண்டன் 'த டைம்ஸ்' பத்திரிகையின் தலைப்பொன்று பொதிந்துவைக்கப்பட்டது. பிரித்தானிய நிதியமைச்சர் வங்கிகளை இரண்டாம் முறையாகக் கைதூக்கிவிடும் தறுவாயில் நிற்பதைக் கூறிய தலைப்பு அது. செய்தித்தாளின் வரியொன்றையே தன் பிறப்புச் சான்றாகக் கொண்டு தோன்றிய இந்நாணயத்தைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் பழித்தே எழுதி வந்துள்ளமை ஆராயத்தக்கது. இலங்கையில் இவ்வினாவை எழுப்புவோர் கொழும்பின் பணச்சந்தையை மட்டுமே மனங்கொள்வர். அரசு வெளியிடாத கடன் தாள்களின் கீழ்ப் பல தலைமுறைகள் வாழ்ந்த மக்கள் அட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கின்றனர் என்பது மறக்கப்படுகின்றது.

பத்திரிகையாளனுக்கு இந்நாணயம் பற்றிய செய்தி எவ்வழியாக வந்து சேர்கின்றது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். ஒரு வழி மத்திய வங்கியின் அறிவித்தல். 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. மற்றொரு வழி பொலிஸும் நீதிமன்றமும். மூன்றாவது, வெளிநாட்டுச் செய்தி முகவரகங்களின் மொழிபெயர்ப்பு. 2014இல் மவுண்ட் கொக்ஸ் வீழ்ந்ததும், 2022 மே மாதத்தில் டெரா சரிந்ததும், அதே ஆண்டு நவம்பரில் எப்.ரி.எக்ஸ் முறிந்ததும் இவ்வாறே தமிழ் வாசகரை வந்தடைந்தன. இவ்வழிகள் மூன்றிலும் வருவது கேடு பற்றிய தகவலே. ஒழுங்காக நிறைவேறிய கொடுக்கல் வாங்கல் எந்த நீதிமன்றத்திற்கும் செல்வதில்லை. ஆதலின் எந்த நிருபரின் குறிப்பேட்டிலும் அது ஏறுவதில்லை.

ஊடகங்கள் வங்கிகளின் விளம்பரப் பணத்திற்கு விலைபோய்விட்டன என்ற விடையொன்றும் கூறப்படுவதுண்டு. இது எளிய விடை. எளிமையே அதன் குறை. விளம்பரம் தராத பத்திரிகையும், வங்கிகளை நாளும் சாடும் பத்திரிகையுங்கூட இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசுகின்றன. ஆகவே காரணம் கணக்குப் புத்தகத்தில் அன்றி, நோக்குநிலையில் தேடப்படவேண்டியது.

மொழியும் இதில் ஓரளவு பங்கு கொள்கின்றது. தமிழில் 'நாணயம்' என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். 'நாணயமானவர்' என்றால் கையிற் காசு உடையவர் என எவரும் பொருள் கொள்வதில்லை. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் உறைவதனால், புதிய காசொன்று அறிமுகமாகும்போதே அதன் ஒழுக்கமும் விசாரணைக்கு வந்துவிடுகின்றது. அதன்மேல் 'மெய்நிகர்' என்ற அடைமொழி வேறு. மெய்யைப் போன்றது, ஆனால் மெய்யன்று என்று தலைப்பிலேயே தீர்ப்புக் கூறிவிடும் சொல் அது. வங்கிக் கணக்கில் உள்ள ரூபாவும் இன்று பெரும்பாலும் கணினியில் உள்ள எண்ணே. எனினும் அதனை எவரும் மெய்நிகர் ரூபா என்று எழுதுவதில்லை.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை இரு நிகழ்ச்சிகள் காட்டும். 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் தம் வைப்பை இழந்தனர். இழந்தது ரூபா. ஆனால் ரூபா ஒரு மோசடி என்று அப்போது எவரும் எழுதவில்லை. நிறுவனத்தையும் அதனை நடத்தியோரையும் மேற்பார்வை செய்யத் தவறியோரையுமே குறை கூறினர். அது முறையானதே. எண்ணிம நாணயத்தின் பெயரால் மோசடி நிகழும்போதோ நாணயமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றது. அடுத்தது 2022ஆம் ஆண்டின் அனுபவம். அவ்வாண்டில் பிட்கொயின் தன் பெறுமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலருக்குச் சுமார் 200 ஆக இருந்த ரூபா, மே மாதத்தில் 360 வரை சரிந்தது; செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. நெடுநாட் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் இடம்பெற்ற தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபா நாட்சம்பளம், அன்று ஏறக்குறைய ஐந்து டொலர். பதினான்கு மாதங்களில் அது மூன்று டொலருக்கும் குறைந்தது. முதலாவது வீழ்ச்சி 'ஆபத்து' எனவும், இரண்டாவது 'பொருளாதார நெருக்கடி' எனவும் எழுதப்பட்டன. நெருக்கடி என்பது மழையைப் போல மேலிருந்து வருவது; அதற்கு ஆள் இல்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்தவளுக்கு இவ்வேறுபாடு என்ன பயன் தந்திருக்கும் என்பது கேட்கப்படவில்லை.

இங்குத்தான் மலையகத்தின் பழைய அனுபவம் உரைகல்லாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு தாள் வழங்கியது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கண்காணி, வழிச்செலவுக்கும் பிறவற்றுக்கும் பெற்ற முற்பணம் தொழிலாளரின் பெயரிற் கடனாகப் பதியப்பட்டது. கண்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகை செலுத்தப்படின் இவர்களை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அதனைக் கையிற்கொண்டு கண்காணி தோட்டந்தோட்டமாகச் செல்வான். ஆட்பற்றாக்குறையுள்ள துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்பான். புதிய முற்பணமும் சேர, அடுத்த துண்டிற் கடன் இன்னும் பெரிதாகும். துரைமாரிடையே ஆளுக்கான போட்டி முற்றமுற்றத் துண்டின் தொகையும் ஏறியது. அத்தொகையில் எவ்வளவு தொழிலாளியின் கைக்கு வந்தது, எவ்வளவு கண்காணியின் மடியில் தங்கியது என்பதைத் தொழிலாளி அறியான். தாளில் எழுதியிருந்ததை அவனால் வாசிக்கவும் இயலாது.

பொருளியல் நோக்கிற் கூறின், துண்டு அரசு வெளியிடாத கடன் தாள், கைமாறியது, போட்டிக்கு ஏற்ப விலை ஏறியது, அதற்கு ஈடாக நின்றது பொன்னுமன்று, நிலமுமன்று, மனித உழைப்பு. 1908இல் அமைந்த தொழிலாளர் ஆணைக்குழு முற்பண முறையின் கேடுகளை ஆராய்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

துண்டை அக்காலத்தில் எதிர்த்தோர் யாவரும் ஒரே காரணத்திற்காக எதிர்க்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. தோட்டத்துரைமாருக்கு அது திரும்பி வராத முற்பணம். ஒரு தோட்டத்தின் ஆட்களை மற்றொரு தோட்டம் கவர்ந்து செல்லும் வழி. தாளைத் தீயதென்று அவர்களும் கூறினர். ஆயினும் அவர்கள் எண்ணியது தமது இழப்பையே. மாறாக, 1921இல் 'தேசநேச'னையும் 1924இல் 'தேசபக்த'னையும் நடத்திய கோ. நடேசய்யர், துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களினுள் நுழைந்து லயத்து வாழ்க்கையைக் கண்டவர். அவரது எழுத்து தாளோடு நின்றுவிடவில்லை. கடனை எழுதியவன் யார், அதனாற் பெருத்தவன் யார் என்று அது துரையையும் பெரிய கண்காணியையும் நோக்கித் திரும்பியது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் அமைத்தமை அவ்வெழுத்தின் தொடர்ச்சியே எனலாம். ஒரே பொருளைப் பற்றிய இரு கண்டனங்கள் எத்துணை வேறுபட்டவையாக அமையலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றைய செய்தித்தாள்களின் கண்டனம் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? 2021இல் உண்டியல் வழியே பணம் அனுப்பியோர் பற்றி எழுதப்பட்டவை இதற்கு ஒரு குறிப்பைத் தருகின்றன. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளரின் பணவனுப்பல், 2021இல் ஏறத்தாழ 550 கோடியாக வீழ்ந்தது. வங்கியின் மாற்றுவீதம் செயற்கையாகத் தாழ்த்திப் பிடிக்கப்பட்டிருந்தமையே அதற்குப் பெருங்காரணம். எனினும் மத்திய கிழக்கில் உழைத்த பெண், தன் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் வழியைத் தேர்ந்தமை நாட்டிற்குச் செய்த தீங்கெனவே பலவிடத்தும் எழுதப்பட்டது. பணத்தைப் பற்றி எழுதும்போது பத்திரிகை தன்னையறியாமலே மத்திய வங்கியின் நாற்காலியில் அமர்ந்துகொள்கின்றது. எண்ணிம நாணயம் குறித்த வெறுப்பின் வேரும் இதுவே. அரசின் கையிலிருந்து வராத பணம், வந்த வழியாலேயே ஐயத்திற்கு உள்ளாகின்றது.

இதனாற் கண்டனம் பொய்யாகிவிடாது. உரிமம் பெற்ற வங்கியில் வைப்பிட்டவருக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. எண்ணிம நாணயத்திற்கு அத்தகையதொன்று இல்லை. தவறான முகவரிக்குச் சென்ற தொகை மீளாது. திறவுச்சொல்லை இழந்தவன் பொருளையும் இழப்பான். இவற்றை மறைத்து, இதுவே ஏழையின் விடுதலை என முழங்குவோரின் எழுத்தைவிட மத்திய வங்கியின் வறண்ட அறிவித்தல் எவ்வளவோ மேலானது.

குறை வேறிடத்தில் உள்ளது. 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட கூம்பகத் திட்டங்களின் பட்டியலை வெளியிட்டது, எம்.ரி.எப்.ஈ, ஒன்மக்ஸ் டி.ரி, ஸ்போர்ட்ஸ் செயின் என்பன அதில் இடம்பெற்றன. செய்தித்தாள்கள் பட்டியலை வெளியிட்டன. கிரிப்டோ மோசடி எனத் தலைப்பிட்டன. ஆனால் கூம்பகத்தை எழுப்புவது நாணயம் அன்று, ஆள்சேர்ப்பு. எம்.ரி.எப்.ஈ திட்டத்தில், ஆட்களைக் கூட்டி வந்தவருக்குப் பங்குப்பணமும், பலரைச் சேர்த்தவருக்குத் 'தலைமை நிறைவேற்று அதிகாரி' என்ற பட்டமும் கிட்டின. தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்த ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெரிய கண்காணி பெற்ற தலைக்காசை அறிந்த சமூகத்திற்கு இது புதிய ஏற்பாடன்று. கண்காணியின் மேற்சட்டையும் தலைப்பாகையும் கைத்தடியும் அன்று செய்த வேலையை இன்று ஆங்கிலப் பட்டம் செய்கின்றது. இருவரும் அந்நியர் அல்லர். உறவினராகவோ ஊரவராகவோ வந்தே ஆள் சேர்த்தனர். 2023 ஓகஸ்டில் அச்செயலி பணம் எடுப்பதை நிறுத்தியபோது, பங்களாதேசம் உட்படப் பல நாடுகளில் உறுப்பினரின் கணக்குகள் எதிர்த்தொகையைக் காட்டின. இழந்தவரே கடனாளியும் ஆயினர்.

அட்டன் நகரத்துக் கடையொன்றில் கைப்பேசியோடு நிற்கும் தோட்டத்து இளைஞனுக்கு, பிட்கொயின் தீயது என்ற தலைப்பு அதிகம் உதவாது. தன்னிடம் காட்டப்படுவது பிட்கொயின் அன்று என்றே அவன் எண்ணுவான், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அவன் அறியவேண்டுவது, தன்னை அழைத்த அண்ணனுக்குத் தன் தலைக்கு எவ்வளவு கிடைக்கின்றது என்பதே. துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்த பின்னரும் கண்காணி முறை பல்லாண்டு நீடித்தது.