ஒரு குடுவை, ஒரு குழல்

உருகுவையின் மொண்டேவீடியோவுக்குப் படிக்கப் போன முதல் வாரமே ஒரு பிழை செய்தேன். நன்றி சொல்லிவிட்டேன்.

ராம்ப்லா என்று 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையோரச் சாலை. அதன் குட்டைச் சுவரில் உடன் படிப்பவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சுரைக்குடுவை ஒன்று என்னிடம் வந்தது. உள்ளே பச்சைத்தூள், அதில் செருகிய உலோகக் குழல். உறிஞ்சினேன். வேப்பங்கொழுந்துக்குத் தம்பி முறையாகும் கசப்பு. 'கிராசியாஸ்' என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு குடுவை எத்தனையோ சுற்று வந்தது. என்னைத் தாண்டியே போயிற்று.

மாத்தே என்ற இந்தப் பானத்தைக் குடிக்கும் இடத்தில் நன்றி என்றால் 'எனக்குப் போதும்'. இன்னும் வேண்டுமென்றால் பேசாமல் நீட்டினால் சரி. கேட்டு வாங்கும் கூச்சமே விருந்தாளிக்கு இல்லை.

அவனவன் ஊற்றிக்கொள்வதும் கிடையாது. ஒருவர்தான் ஊற்றுவார், அவர் பெயர் செபதோர். 'செபார்' என்ற அந்த வினைக்கு, தீனி போட்டு வளர்ப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு பானத்தை ஊற்றுவதற்கு இந்தச் சொல்லா என்று முதலில் சிரித்தேன். அவர் கையைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. முக்கால் குடுவை இலைத்தூளை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிறு குன்றாக்குகிறார். பள்ளத்தில் மட்டும் வெதுவெதுப்பான நீர் விட்டு ஊறவைத்து, அங்கே குழலை ஊன்றுகிறார். பிறகுதான் வெந்நீர், கொதிக்காத வெந்நீர். கொதித்தால் இலை கருகிச் சாறு கெடும். குழலை ஒட்டி, நூல் பிடித்தாற்போல் ஊற்றுகிறார். குடுவையின் வாயில் நுரை கட்டுகிறது. குன்றின் உச்சி நனைவதில்லை. சுற்றுக்குச் சுற்று அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரியவிடுவதால் ஒரு பிளாஸ்க் நீர் தீரும்வரை சுவை நிற்கிறது. கசப்பும் தூசியும் மிகுந்த முதல் குடுவையை அவரே குடித்துவிடுகிறார். உபசாரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

குழலுக்கு எழுத்தில் 'பொம்பிய்யா'. அந்த ஊர் வாயில் 'பொம்பிஷா'. அதைப் பிடித்துக் கலக்கக் கூடாது, அடைத்துக்கொள்ளும். அடியில் களகளவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட வேண்டும். சத்தம் போட்டுக் குடித்தால் வீட்டில் அடி வாங்கிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

எச்சில்? அண்ணாந்து குடித்து வளர்ந்தவனுக்கு, ஐந்து வாய்க்கு ஒரே குழல் என்பது முதல் நாள் வயிற்றைப் புரட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை, துடைத்தால்தான் அவமதிப்பு. ஸ்பானிய மொழியில் உமிழ்நீருக்குச் சொல் இருக்கிறது. நம் 'எச்சி'லில் ஒட்டியிருக்கும் தீட்டு அதில் இல்லை. மூன்றாம் வாரம் அந்தக் குழல் இளஞ்சூடாக வருவதே பிடித்துப்போயிற்று.

மாத்தே என்பது கெச்சுவா மொழியில் குடுவையின் பெயர். பாத்திரத்தின் பெயரைப் பானம் வாங்கிக்கொண்டது. குவாரனி மக்கள் கண்ட இலை இது. ஜெசூயிட் பாதிரிமார் தோட்டமிட்டு வளர்த்தார்கள். பயிரிட முயன்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் எமே போன்பிளானை 1821இல் பராகுவே ஆட்சியாளரின் படை பிடித்துப் போய், ஏறத்தாழ 10 ஆண்டுகள் அந்நாட்டை விட்டு வெளியேற விடவில்லை. அவ்வளவு பணம் இந்த இலையில்! உருகுவையோ தனக்கு வேண்டிய இலையைப் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வாங்குகிறது. மொண்டேவீடியோவில் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கி, அதே கையில் குடுவையை ஏந்தி, மறு கையால் பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்பவர்களைப் பார்க்கலாம். ஒரு துளி சிந்துவதில்லை. நான் பழகுவதற்குள் இரண்டு சட்டை பாழாயிற்று.

சாறு இறங்கிய இலையை 'லவாதோ', அதாவது கழுவப்பட்டது என்பார்கள். சக்கையைத் தட்டிவிட்டுப் புதுத் தூள் போட ஒருவர் எழுந்திருப்பார். நீங்கள் போனால், அதுவரை நன்றியை வாய்க்குள்ளேயே வைத்திருங்கள்.