கழிப்பறைக் கோப்பையும் 60 லட்சம் பவுண்டும்

கொஞ்ச நாளாக ஏ-1 ஸ்கைரைடர் விமானத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். எதைத் திறந்தாலும் ஒரு கதை வந்துவிடுகிறது. 1965இல் மிட்வே என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஒரு ஸ்கைரைடரின் இறக்கையில், குண்டுகளோடு ஒரு கழிப்பறைக் கோப்பையையும் மாட்டிக் கொண்டுபோய் வியட்நாமில் போட்டார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

ஏன் போட்டார்கள் என்பது அதே பத்தியில் ஓரமாக இருக்கும். 60 லட்சமாவது பவுண்டு குண்டு போட்டதைக் கொண்டாடத்தானாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 2,700 டன். கோப்பைக்கு ஃபோட்டோ இருக்கு. அந்த 2,700 டன் எங்கே, யார்மேல் விழுந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. இந்த விமானத்தின் பணி வரலாறு எழுதப்படும் விதத்தில் எனக்குள்ள குறை இதுதான்.

சொல்லப்படுவது பொய் இல்லை. எட் ஹைனமன் டக்ளஸ் நிறுவனத்தில் வடிவமைத்த இந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1945 மார்ச்சில். ஜெட் யுகம் பிறந்துகொண்டிருந்தபோது ப்ரொப்பெல்லர் விமானம்! ஆனாலும் 1957 வரை 3,180 விமானங்கள் தயாரானார்கள் என்று படிக்கும்போது மரியாதை வரத்தான் செய்கிறது. 1951 மே 1 அன்று கொரியாவில் ஹ்வாச்சோன் அணையின் மதகை டார்பிடோ போட்டு உடைத்தது. வியட்நாமில் இரண்டு மிக்-17 ஜெட்களைச் சுட்டு வீழ்த்தியது. 1966 மார்ச் 10 அன்று ஆஷாவ் பள்ளத்தாக்கில், எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பெர்னார்ட் ஃபிஷர் ஓடுபாதையில் இறங்கி, விழுந்த சக விமானியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் எப்படி முடிந்தது? மெதுவாகப் பறக்கும், ஒரே இடத்துக்கு மேலே மணிக்கணக்கில் சுற்றும், எக்கச்சக்கமாகச் சுமக்கும். இதை எல்லாரும் நன்றாகவே விளக்குகிறார்கள். ஆனால் ஒரு ஊருக்கு மேலே தாழப் பறந்து நேபாம் போடவும் இதே குணங்கள்தான் உதவின.

1972 ஜூன் 8, ட்ராங் பாங். தென் வியட்நாம் விமானப்படையின் ஸ்கைரைடர் போட்ட நேபாம் தங்கள் பக்கத்து மக்கள்மேலேயே விழுந்தது. தீக்காயத்தோடு அழுதபடி ஓடிவரும் 9 வயது கிம் ஃபுக்கின் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1973இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தப் படத்தைப் பல வருஷமாக எனக்குத் தெரியும், ஸ்கைரைடரையும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது இப்போதுதான். நான் படித்த விமானக் கட்டுரைகளில் ஒன்றிரண்டு தவிர மற்றவை அந்த நாளைத் தொடவே இல்லை.

தென் வியட்நாம் விமானிகளும் இப்படித்தான் ஓரங்கட்டப்படுகிறார்கள். 1972இல் அமெரிக்கா மிச்சமிருந்த விமானங்களை அவர்களிடம் ஒப்படைத்ததும் கதை முடிந்துவிடுகிறது. அவர்கள் 1975 வரை பறந்தார்கள். அந்த மூன்று வருஷத்துக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

'விமான வரலாறுன்னா விமானத்தைப் பத்தித்தானே எழுதுவாங்க?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காப்பாற்றப்பட்டவர்களைப் பெயரோடு எழுதும்போது, நாம் விமானத்தைத் தாண்டி மனிதர்களிடம் வந்துவிட்டோம். அப்புறம் கீழே இருந்தவர்களிடம் வரும்போது மட்டும் 'நான் இயந்திரத்தைத்தான் எழுதுறேன்' என்று சொல்ல முடியாது. இது தரையைத் தாக்குவதற்கென்றே கட்டிய விமானம். குண்டு விழுந்த இடத்தை விட்டுவிட்டால் அதன் பணியில் பாதியை எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

கோப்பைக் கதையை நீக்கச் சொல்லவில்லை. என் குறிப்பேட்டிலும் அது இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ட்ராங் பாங் என்று எழுதி, தேதியையும் போட்டு வைத்திருக்கிறேன்.